கம்ப்யூட்டரில் ஒரு சுருதிப் பெட்டி: வீட்டிலேயே இசை அமைக்கலாம் வாங்க!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. படம் பார்க்கிறீர்கள், பாட்டுக் கேட்கிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். அதே பெட்டியில் நீங்களே ஒரு பாட்டை உருவாக்கலாம் என்று சொன்னால் பலரும், “அதெல்லாம் ஸ்டூடியோ சமாசாரம், லட்சக்கணக்கில் ஆகும்” என்று சிரிக்கிறார்கள். ஆகாது. ஒரு ரூபாய் கூட ஆகாது. ஒரு ஹெட்போன் மட்டும் வேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய்.

எங்கள் காரைக்குடிக்காரர்கள் இதை நம்பத் தயங்கக் கூடாது. ஏ.வி.மெய்யப்பன் இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா இங்கே நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் ரெக்கார்டுகளும் விற்றார்கள். ரெக்கார்டை விற்பதற்குப் பதில் நாமே ஏன் தயாரிக்கக் கூடாது என்று நினைத்தவர், நண்பர்களோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். பிறகு 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படம் அங்கே எடுக்கப்பட்டதுதான். அடுத்த ஆண்டு ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு என்றால் கருவிகள், ஆட்கள், கரண்ட், கட்டிடம் எல்லாம் வேண்டும். இன்று அதே வேலை மடியில் வைத்துக்கொள்ளும் லேப்டாப்பில் நடக்கிறது.

நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டும் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள இதுதான் வழி செய்தது. தமிழ் சினிமாவில் 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார் என்று பரவலாகச் சொல்வார்கள். 1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டிலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை அமைத்தார். முதலில் விளம்பரங்களுக்கான இசை, பிறகு 1992இல் ‘ரோஜா’. முதல் படத்துக்கே தேசிய விருது. வீட்டில் அமைத்த ஸ்டூடியோவிலிருந்து நாடு முழுவதும் கேட்ட இசை என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம்.

மிடி என்றால் என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் குழம்பும் இடம் இது. எம்பி3 பைல் என்பது பாடிய பாட்டு. மிடி பைல் என்பது பாட்டு நோட்டுப் புத்தகம். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். ஒலி இருக்காது. அதை வாசிப்பது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர். அதனால்தான் ஒரு முழுப் பாட்டின் மிடி பைல் சில பத்து கேபிக்குள் அடங்கிவிடுகிறது. சிடி தரத்தில் பதிவு செய்த ஒலி என்றால் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு சேனல், 16 பிட் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பி.

மிடியில் சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு சி என்பது 60. 1991இல் ஜெனரல் மிடி என்று 128 வாத்தியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். நம் நாட்டு வாத்தியங்களில் அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது 105ஆம் எண்ணில் சிதாருக்கும், 112ஆம் எண்ணில் ஷெனாய்க்கும்தான். வீணை இல்லை, மிருதங்கம் இல்லை, நாதஸ்வரம் இல்லை. கல்யாண வீட்டு மேளம் வேண்டுமானால் ஷெனாயை வைத்துச் சமாளிக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், சமாளிக்க முடியாது!

எந்த சாப்ட்வேர்?

ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று எல்.எம்.எம்.எஸ். இசை அமைப்பதற்கு. இன்னொன்று ஆடாசிட்டி. குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டுவதற்கு. இரண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எப்.எல். ஸ்டூடியோ மிக நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் அதன் இலவச டிரையல் பதிப்பில் சேவ் செய்த வேலையைத் திரும்பத் திறந்து தொடர முடியாது. புதியவர்களுக்கு இது எரிச்சல். கிராக் செய்த காப்பிகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாட்டோடு வைரஸும் வரும்.

டவுன்லோட் செய்யும்போது எல்எம்எம்எஸ் டாட் ஐஓ என்ற அதன் சொந்தத் தளத்தில் இருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் வேறு பல தளங்கள் டவுன்லோட் பட்டனை நீட்டும். அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் நீங்கள் கீயை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும். படம் பார்க்கும்போது இது தெரியாது. தாளம் போடும்போது பைத்தியம் பிடிக்கும்.

முதல் பத்து நிமிடம்

எல்.எம்.எம்.எஸ்ஸைத் திறந்தவுடன் ஏழெட்டு விண்டோக்கள் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். சாங் எடிட்டர் என்ற விண்டோவில் டிரிபிள் ஆசிலேட்டர் என்று ஒரு டிராக் இருக்கும். அதன் பெயரைக் கிளிக் செய்யுங்கள். வாத்தியத்தின் விண்டோ திறக்கும். இப்போது உங்கள் டைப் செய்யும் கீபோர்டே ஹார்மோனியம் ஆகிவிட்டது.

எஸ், டி, ஜி, ஹெச், ஜே. இந்த ஐந்து கீகளை மட்டும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். என்ன வரிசையில் அழுத்தினாலும் கேட்க இனிமையாக இருக்கும். காரணம், இவை ஐந்தும் பியானோவின் கறுப்புக் கட்டைகள். ஜி கீயை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஜி, ஹெச், ஜே மூன்றும் ச, ரி, க. எஸ், டி இரண்டும் கீழ் ஸ்தாயியின் ப, த. அதாவது மோகனம். எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குட்டிப் பையன் இந்த ஐந்து கீகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரையும் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை.

சரளி வரிசை கற்றவர்கள் மாயாமாளவகௌளையைத் தேடுவீர்கள். இசட், எஸ், சி, வி, பி, ஹெச், எம் என்று வரிசையாக அழுத்துங்கள். மேல் ஸட்ஜமத்துக்கு க்யூ. இதில் இசட் என்பது சி சுரம், நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் ஒரு கட்டை. சி ஷார்ப் என்றால் ஒன்றரைக் கட்டை, டி என்றால் இரண்டு, ஈ என்றால் மூன்று, எப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. இங்கிலீஷ் எழுத்தையும் நம் கட்டையையும் இணைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இனி சுருதிப் பெட்டி. டிரிபிள் ஆசிலேட்டர் என்ற பெயருக்கு ஏற்ப அதில் மூன்று ஒலி அலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சி.ஆர்.எஸ். என்று ஒரு திருகு இருக்கும். அது அரைச்சுரக் கணக்கில் ஒலியை ஏற்றி இறக்கும். முதல் அலைக்கு 0, இரண்டாவதற்கு 7, மூன்றாவதற்கு மைனஸ் 12 என்று வையுங்கள். இப்போது ஒரே ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் ஸட்ஜமம், பஞ்சமம், கீழ் ஸட்ஜமம் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். பியானோ ரோல் விண்டோவைத் திறந்து நான்கு நிமிட நீளத்துக்கு ஒரே சுரமாக இழுத்துவிட்டால் பெட்டி தானாகப் பாடிக்கொண்டிருக்கும்.

காது கூர்மையானவர்கள் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். கம்ப்யூட்டர் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டுகிறது. நம் சுருதி அப்படி வெட்டப்பட்டதல்ல. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். சுத்தமான பஞ்சமம் 702 சென்ட்டில் இருக்கிறது, கம்ப்யூட்டர் 700இல் வைக்கிறது. இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தர காந்தாரம் சுத்தமாக 386இல் இருக்க, கம்ப்யூட்டர் 400இல் வைக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் தம்பூராவோடு சேர்த்து இந்தக் காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் நொடிக்கு ஐந்து முறை ஒலி துடிப்பது கேட்கும். உங்கள் ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை!

கட்டங்களில் தாளம்

பேட்டர்ன் எடிட்டரில் (பழைய பதிப்புகளில் பீட் பேஸ்லைன் எடிட்டர்) பதினாறு சின்னக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். இடது பக்கத்தில் மை சாம்பிள்ஸ் பகுதியில் டிரம்ஸ் என்ற போல்டரைத் திறந்து, பிடித்த ஒலியை இழுத்து இந்த எடிட்டரில் போடுங்கள். எந்தக் கட்டத்தைக் கிளிக் செய்கிறீர்களோ அந்த இடத்தில் அடி விழும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் சுழல ஆரம்பிக்கும். கேட்டுக்கொண்டே கட்டங்களை மாற்றலாம்.

வேகம் 140 என்று இருக்கும். அது டான்ஸ் பாட்டு வேகம். உடனே 80, 90க்கு இறக்குங்கள். அதேபோல் மேலே 4/4 என்று இருப்பதை 7/8 என்று மாற்றிப் பாருங்கள். கட்டங்கள் பதினாலாகும். 1, 7, 11ஆம் கட்டங்களில் மட்டும் அடி வைத்தால் மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும். மிஸ்ர சாபு! காரைக்குடி மணியின் பெயர் சொல்லும் ஊரில் இருந்துகொண்டு நாலுக்கு நாலு மட்டுமே போட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பல கோயில்களில் இப்போது பூஜை நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஓடி, மணியும் மேளமும் தானாக அடிக்கின்றன. எந்தக் கோயிலிலும் ஒரே அடி, ஒரே வேகம். கட்டத்தில் தாளம் போட்டு அப்படியே விட்டுவிட்டால் நம் பாட்டும் அப்படித்தான் இருக்கும். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழக் கூடாது. கட்டத்தின் மேல் மவுஸ் வீலை உருட்டினால் அந்த அடியின் பலம் கூடும், குறையும். இரண்டு மூன்று அடிகளைத் தாழ்த்திப் பாருங்கள், மனிதர் வாசிப்பது போல் கொஞ்சமாவது வரும். நிஜமான தவில்காரர் செய்வதில் அது நூறில் ஒரு பங்கு கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், லேப்டாப்பை அல்ல.

அப்பத்தாவின் தாலாட்டு

நான் சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் மலேசியாவில். அங்கே என் பெரியப்பா பேத்திக்குக் குழந்தை பிறந்தது. அப்பத்தாவுக்கு வயது எண்பத்தாறு, விமானம் ஏற முடியாது. எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அவர்தான் தாலாட்டுப் பாடியிருக்கிறார். எங்கும் எழுதி வைத்ததில்லை. அவர் மாமியாரிடம் கேட்டது. இரண்டு மெட்டுகளில் ஒன்றின் நடுப்பகுதி இப்போது அவருக்கே நினைவில்லை. மற்றதையாவது பதிவு செய்து அனுப்புவோம் என்று ஒரு விடுமுறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

செட்டிநாட்டு வீட்டில் ஒலிப்பதிவு செய்வது சுலபமில்லை. வளவில் உட்கார்ந்து பேசினாலே எதிரொலிக்கும். பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை. எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பவை. பதிவான எதிரொலியை எந்த சாப்ட்வேராலும் முழுதாக எடுக்க முடியாது. ஆகவே சின்ன அறை ஒன்றில், சுவரோரம் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து, தரையில் இரண்டு ஜமக்காளம் மடித்துப் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடாசிட்டியில் ரெக்கார்டு பட்டனை அழுத்தினோம். நீங்களும் இதைச் செய்யலாம். பாட ஆரம்பிக்கும் முன் ஐந்து நொடி யாரும் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை மட்டும் செலக்ட் செய்து, எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று நாய்ஸ் புரொபைல் எடுத்துக்கொண்டால், பிறகு பாட்டு முழுவதிலும் அந்த இரைச்சலைக் குறைக்கலாம். அளவாக. அதிகம் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

எல்.எம்.எம்.எஸ்ஸில் சாம்பிள் டிராக் ஒன்றில் அந்தப் பதிவைப் போட்டு, கீழே சுருதிப் பெட்டியை வைத்தேன். தொடக்கத்தில் சேர்ந்தது. இரண்டு நிமிடத்தில் உரசியது. ஆடாசிட்டியில் அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தேன். அப்பத்தாவின் ஸட்ஜமம் தொடக்கத்தில் 204 ஹெர்ட்ஸ், நான்காவது நிமிடத்தில் 211 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டை என்பது 207.65. அதற்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து, கொஞ்சம் மேலே போய் முடித்திருக்கிறார். பாடப் பாடக் குரல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

குரலைச் சுருதிக்கு இழுத்து நேராக்கும் ஆட்டோ டியூன் வகை சாப்ட்வேர்கள் உண்டு. ஐந்து நிமிட வேலை. அவை அருகில் உள்ள பன்னிரண்டில் ஒன்றுக்குக் குரலை இழுத்து உட்கார வைக்கும். தாலாட்டில் சுரங்களுக்கு நடுவே சறுக்குவதும், இழுத்து அசைப்பதும்தான் பாட்டே. அதை நேராக்கி அனுப்பினால் மலேசியாவில் குழந்தை கேட்பது அப்பத்தாவை அல்ல. எனவே குரலைத் தொடவில்லை. சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்து, பிட்ச் என்ற திருகுக்கு ஆட்டோமேஷன் டிராக்கில் ஒரு சாய்கோடு வரைந்தேன். தொடக்கத்தில் மைனஸ் 30 சென்ட், முடிவில் பிளஸ் 28. நான்கு நிமிடத்தில் பெட்டி மெதுவாக ஏறி அப்பத்தாவோடு கூடவே போகிறது. கேட்பவர்கள் யாருக்கும் ஏறுவது தெரியவில்லை.

தாளத்திலும் இதே கதைதான். அவர் மெட்ரோனோமுக்குப் பாடவில்லை, தொட்டிலுக்குப் பாடினார். கொக்கியிலிருந்து தொங்கும் தொட்டில் சுமார் இரண்டு மீட்டர். பிளஸ் டூ இயற்பியலில் படித்த தனி ஊசல் கணக்குப்படி ஒருமுறை போய் வர 2.84 நொடி ஆகும். அதை நான்கு அடியாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 84 அல்லது 85. எல்.எம்.எம்.எஸ்ஸில் 84 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் பொருந்தியது. பொருந்தாத இடங்களில் அடியை எடுத்துவிட்டேன். கயிற்றின் நீளம் தாலாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. உயரமான வீட்டுத் தாலாட்டுகள் மெதுவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

கமகம் வருமா?

சுரங்களைக் கட்டம் கட்டமாக வைத்தால் மோகனம் போன்ற ராகம் ஓரளவு வரும். தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது. காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையில் தந்தியை இழுத்து எழுப்பிய கமகங்களைக் கட்டத்தில் எங்கே வைப்பது? மிடியில் இதற்குப் பிட்ச் பெண்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. சுரத்தை 16,384 படிகளில் வளைக்கலாம். எல்.எம்.எம்.எஸ்ஸின் பியானோ ரோலில் டிட்யூன் மோடு என்ற கருவியை எடுத்து ஒரு சுரத்தைக் கிளிக் செய்தால், அந்தச் சுரத்துக்குள்ளேயே வளைகோடு வரையலாம். ஒரு காந்தாரத்தை அசைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் வருகிறது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் கம்பெனியின் சிந்தசைஸரையும் தாளக் கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். அவர் பயன்படுத்திய டி.பி. 303 என்ற கருவியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் வசதி இருந்தது. ராகத்துக்கு அது பொருந்தியது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐந்து ஆண்டு கழித்து அமெரிக்காவின் சிகாகோவில் அதே கருவியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை வகையே பிறந்தது. 2010இல் அவருடைய ரெக்கார்டை மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது.

சேமிப்பதும் அனுப்புவதும்

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். ஒவ்வொரு நாளும் புதிய பெயரில் சேவ் செய்யுங்கள். தாலாட்டு1, தாலாட்டு2 என்று போனால் நேற்றைய வடிவத்துக்குத் திரும்ப முடியும். ஆடாசிட்டி தன் வேலையை ஏ.யு.பி.3 என்ற பைலாக வைக்கும். அதை மற்றவர்களுக்கு அனுப்பினால் சாதாரண பிளேயரில் திறக்காது. முடித்த பாட்டை பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று முதலில் வேவ் பைலாக எடுங்கள். அதுதான் மூலப் பிரதி, அதைப் பென் டிரைவிலும் இன்னொரு கம்ப்யூட்டரிலும் வையுங்கள். பிறகு எம்பி3 ஒன்று எடுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பிதான் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒலி குறையாமல் அப்படியே போய்ச் சேரும்.

எதையும் சேர்க்காத, வெட்டாத அசல் பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் டெலீட் செய்ய வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்றால் சினிமாப் படம் இரண்டை நீக்குங்கள்.